துறை தாண்டிய ஆய்வை மதிப்பிடுவது எப்படி? ஒரு கண்மாய்த் திட்டத்தை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

உங்கள் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒரு ப்ரபோசல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: "சீமைக் கருவேலம் அகற்றப்பட்ட கண்மாய்களில் நீர்த்தேக்கமும் குடும்ப வருமானமும்". மேலூர்ப் பக்கம் நான்கு கண்மாய், மானாமதுரைப் பக்கம் நான்கு கண்மாய். அனுப்பியவர்கள் மூன்று பேர்: சிவில் இன்ஜினியரிங்கில் நீரியல் பார்ப்பவர், தாவரவியல்காரர், பொருளாதாரத் துறை ஆசிரியை. குழுவில் இருப்பதோ ஒரு வேதியியல் பேராசிரியர், ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர், அப்புறம் நீங்கள். இதற்கு யார் மார்க் போடுவது, எதை வைத்துப் போடுவது?

திட்டம் விளக்கத்துக்காக நான் கற்பனை செய்தது. பிரச்சினை கற்பனை இல்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராகச் சீமைக் கருவேலத்தை வெட்டியபோது, "நிலத்தடி நீரை உறிஞ்சுகிற மரம், ஒழியட்டும்" என்றும், "விறகும் கரிமூட்டமும் போனால் எங்கள் அடுப்பு எரியாது" என்றும் ஒரே தெருவில் இரண்டு குரல் கேட்டது. நீரியல்காரர் மட்டும் பதில் சொன்னால் அடுப்பு விடுபடும். பொருளாதாரக்காரர் மட்டும் சொன்னால் தண்ணீர் விடுபடும். அதனால்தான் மூவரும் சேர்ந்து வருகிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆய்வின் தரம் துறைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் தெரியும். நம் குழுக்கள் பெரும்பாலும் அந்த இடத்தைப் படிப்பதே இல்லை. அவரவர் பங்கைப் படித்து, அவரவர் மார்க் போட்டு, கூட்டி வகுத்து முடித்துவிடுகிறார்கள். கீழே வருவது அதை மாற்றுவதற்கான வழிமுறை. மதிப்பிடுகிறவர்களுக்காக எழுதியது. விண்ணப்பிக்கிறவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளலாம்.

படி 1: ஒரு துறையை எடுத்துவிட்டுப் பாருங்கள்

ப்ரபோசலின் மையக் கேள்வியை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு தாவரவியலை எடுத்துவிடுங்கள். கேள்வி அப்படியே நிற்கிறதா? நின்றால் தாவரவியல்காரர் பெயருக்குச் சேர்க்கப்பட்டவர். அதேபோல் மற்ற இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் கேள்வி சரிந்துவிடுகிறது என்றால் அது உண்மையான துறையிடை ஆய்வு. மூன்று துறையும் மூன்று தனி அறிக்கை தந்து கடைசியில் ஒரு "முடிவுரை" மட்டும் சேர்த்து எழுதப்போகிறார்கள் என்றால் அது பல துறை ஆய்வு, ஒரே பந்தியில் உட்கார்ந்து தனித்தனி இலையில் சாப்பிடுவது போல. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல வேலையாகவும் இருக்கலாம். ஆனால் அதை இரண்டாவது படியிலிருந்து வேறு மாதிரி மதிப்பிட வேண்டும்: மூன்று தனித் திட்டமாகப் பிரித்து, மூன்று பேரிடம் கொடுத்தால் போதும். இந்த வழிகாட்டி அதற்குத் தேவைப்படாது.

புதிய கல்விக் கொள்கை 2020-ல் வந்த பிறகு "மல்ட்டி டிசிப்ளினரி" என்ற சொல்லைப் போடாத ப்ரபோசலே இல்லை. ஆகவே இந்தப் படியில் கொஞ்சம் கறாராகவே இருங்கள்.

படி 2: யாரிடம் கொடுப்பது

இங்கேதான் பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்துக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை லிண்டல் பிராம்ஹாமும் சகாக்களும் ஆராய்ந்து 2016-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஒரு திட்டத்தில் எவ்வளவு தூரத்துத் துறைகள் சேர்கின்றனவோ, அந்த அளவுக்கு அதற்குப் பணம் கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. திட்டங்கள் மட்டமாக இருந்ததுதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் தன் துறைக்கான பங்கு மெலிந்திருப்பதாகப் பார்ப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நீரியல்காரருக்கு நீரியல் பத்துப் பக்கம் வேண்டும், கிடைப்பது மூன்று பக்கம். பொருளாதாரக்காரருக்கும் அப்படியே. மூவருமே "ஆழம் போதாது" என்று எழுதினால் திட்டம் செத்தது.

நம் கூட்டங்களில் நடப்பதும் பரிச்சயமான காட்சிதான்:

"மேடம், சர்வே எடுக்கிறீங்க, சரி. இதுல சயின்ஸ் எங்க இருக்கு?"

"சார், உங்க அளவுகோல் காட்டுற தண்ணி யார் வயலுக்குப் போச்சுன்னு சொல்றது சயின்ஸ் இல்லையா?"

அதற்குள் டீ வந்துவிடும். கேள்வி அப்படியே நிற்கும்.

எனவே ஆளைப் பொறுக்குவது இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒருவர். அதற்கு மேல், துறைகளுக்கு நடுவே வேலை செய்து பழகிய ஒருவர் கட்டாயம். பிரிட்டனின் ஆராய்ச்சி மதிப்பீடான ரெஃப் 2021-ல் ஒவ்வொரு துணைக்குழுவிலும் துறையிடை ஆலோசகர்களை வைத்தது இதற்காகத்தான். நம் ஊரில் அந்த நடு ஆள் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் கிடைப்பார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகளில் கண்மாய்ப் புனரமைப்பில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு, கலுங்கு (மிகை நீர் வழியும் இடம்) எந்த உயரம், மடையை யார் திறப்பார்கள், ஏலம் யார் கையில் என்பதெல்லாம் சேர்த்தே தெரியும். பிஎச்டி இல்லையே என்று யோசிக்காதீர்கள்.

ஆட்களிடம் தாளைக் கொடுக்கும்போது எல்லைக் கோட்டையும் கொடுங்கள். "உங்கள் துறைப் பகுதி அடிப்படைத் தரத்தில் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அதற்கு வெளியே உள்ளதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், நிராகரிக்க வேண்டாம்." இந்த இரண்டு வரி எழுத்தில் போகாவிட்டால் பின்னால் சிக்கல்.

மார்க்கைச் சராசரி எடுக்காதீர்கள். 9, 9, 4 வாங்கிய திட்டத்துக்கும் 7, 7, 8 வாங்கிய திட்டத்துக்கும் சராசரி ஒன்றேதான், 7.3. முதலாவதில் யாரோ ஒருவர் பலமான ஓட்டையைப் பார்த்திருக்கிறார், அல்லது தன் எல்லையைத் தாண்டி வந்திருக்கிறார். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் கூட்டத்தின் வேலை. அந்த 4 போட்டவரை முதலில் பேசவிடுங்கள்.

படி 3: ஒவ்வொரு துறையின் தரைமட்டம்

இங்கே உச்சத்தைத் தேட வேண்டாம், தரைமட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் கண்மாய்த் திட்டத்தில்:

நீரியல்காரர் கேட்க வேண்டியது, மழையளவு எங்கிருந்து வருகிறது? மதுரை விமான நிலைய மழைமானியின் கணக்கை வைத்து மேலூர்க் கண்மாய்க்கு நீர்வரத்து போட்டால் அங்கேயே நின்றுவிடலாம். கோடை மழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறக்கூட இல்லாமல் போகிற சீமை இது. கண்மாயின் கொள்ளளவு புதிதாக மட்டம் பார்த்து எடுத்ததா, பழைய பதிவேட்டிலிருந்து எடுத்ததா?

தாவரவியல்காரர் கேட்க வேண்டியது, "அகற்றப்பட்ட" என்றால் வெட்டியதா, வேரோடு பிடுங்கியதா? சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளைத்து, முன்பைவிட அடர்த்தியாக வரும். வெட்டி இரண்டு வருடம் ஆன கண்மாயை "மரம் இல்லாத கண்மாய்" என்று பட்டியலில் சேர்த்திருந்தால் ஆய்வின் அடித்தளமே ஆடும்.

பொருளாதாரக்காரர் கேட்க வேண்டியது, வீட்டில் யாரிடம் கேட்பார்கள்? விறகு பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். திண்ணையில் இருக்கிற ஆணிடம் "மாசம் எத்தனை சுமை விறகு?" என்று கேட்டு வாங்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் இவரே பார்த்துவிடலாம்.

மூன்றில் ஒன்று தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு ஜொலித்தாலும் திருப்பி அனுப்புங்கள். துறையிடை என்பது அரைகுறைக்குக் கொடுக்கும் சலுகை ஆகிவிடக் கூடாது.

படி 4: சேரும் இடத்தைப் படியுங்கள்

மொத்த நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். நான் நான்கு கேள்விகளை வைத்துப் படிப்பேன்.

*அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?* நீர்மட்டத்தைத் தினமும் அளப்பார்கள். மர அடர்த்தியைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுப்பார்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் என்றால் 10 மீட்டர் கட்டம், சுமார் ஐந்து நாளுக்கு ஒரு படம். வருமானத்தை வருடத்துக்கு ஒருமுறை, வருவாய்க் கிராமம் வாரியாகக் கேட்பார்கள். ஆனால் ஒரு கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், இரண்டு மூன்று கிராமத்தில் பரந்து கிடக்கும். ஒரே கிராமத்தின் வயலுக்கு இரண்டு கண்மாயிலிருந்து தண்ணீர் வரும். அப்படியானால் "இந்தக் கண்மாய், இந்த வருடம், இந்த வீடு" என்று மூன்றையும் ஒரே வரிசையில் சேர்க்கும் அட்டவணை எப்படி இருக்கும்? ப்ரபோசலில் அந்த அட்டவணையின் தலைப்பு வரியாவது இருக்க வேண்டும். இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. "தரவுகள் ஒருங்கிணைக்கப்படும்" என்று ஒரு வாக்கியம் இருக்கும், அவ்வளவுதான்.

*ஒரு துறையின் முடிவு மற்றதை மாற்றுமா?* முதல் வருட அளவீட்டில் நீர்த்தேக்கம் கூடவே இல்லை என்று தெரிந்தால் பொருளாதார சர்வே என்ன ஆகும்? "அது பாட்டுக்கு நடக்கும்" என்றால் அது பந்தி. "கேள்வித்தாளில் தண்ணீர்ப் பகுதியைக் குறைத்து, எரிபொருள் செலவை விரிவாக்குவோம்" என்று எழுதியிருந்தால் இவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

*நடுவில் விழும் காரணங்களை யார் பிடிப்பார்கள்?* இது தனித்தனி மதிப்பீட்டில் தப்பிவிடும் வகை. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை, அதாவது ஊர் மக்களைச் சேர்த்து நீர்நிலைகளைச் சீரமைக்கும் முறையை, மறுபடி தொடங்கியது. பல கண்மாய்களில் கருவேலம் அகற்றியதும், வண்டல் எடுத்ததும், கரை உயர்த்தியதும் அடுத்தடுத்து நடந்தன. பிறகு தண்ணீர் கூடுதலாக நின்றால் அது மரம் போனதாலா, வண்டல் போனதாலா? நீரியல்காரருக்கு அரசுத் திட்டத்தின் தேதிகள் தெரியாது. பொருளாதாரக்காரருக்குத் தேதிகள் தெரியும், கொள்ளளவுக் கணக்கு தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலூர்க் கண்மாய்கள் பல பெரியாறு பாசனத்தில் வருபவை. வைகையாற்றிலுள்ள பேரணை என்ற தடுப்பணையிலிருந்து பிரதான கால்வாயில் தண்ணீர் திறந்தால் நிரம்பும், அது அரசாணையைப் பொறுத்தது. மானாமதுரைப் பக்கக் கதை வேறு: வைகையில் வரும் வெள்ளமும் உள்ளூர் மழையும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு "மரம் அகற்றியதன் விளைவு" என்றால் அளந்தது மரத்தையா, அணை திறப்பையா? என் கற்பனைத் திட்டத்தில் இந்தக் குறையை வேண்டுமென்றே வைத்தேன். துறைவாரியாக மட்டும் படித்தால் இது கண்ணில் படாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு.

*தங்கள் முறையின் எல்லை அவர்களுக்குத் தெரிகிறதா?* கண்மாய்க்குள் நிற்கும் மரங்கள் ஏலத்துக்குப் போகும். கரி வருமானம் ஏலம் எடுத்தவருக்கும் மூட்டம் போடும் கூலியாட்களுக்கும் போகும், கரையை ஒட்டிய எல்லா வீட்டுக்கும் அல்ல. குடும்ப சர்வேயில் இது முழுதாக அகப்படாது. அதை அவர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் ஒரு மார்க் கூட்டுங்கள்.

அச்சில் வந்த ஆய்வையும் இதே கண்ணோடு படிக்கலாம். மதுரைக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நானோ நிபுணர் மின்னணு நுண்ணோக்கிப் படங்களையும் நிறமாலையையும் பார்ப்பார், அது அவர் பங்கு. தொல்லியலாளர் அகழாய்வுக் குழியையும் மண்ணடுக்கையும் பார்ப்பார். சேரும் இடத்துக் கேள்வி வேறு. கீழடியின் கி.மு. 580 என்ற புகழ்பெற்ற தேதி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை மயாமியிலுள்ள ஆய்வகத்தில் கணித்து வந்தது. நுண்ணோக்கிக்குக் கீழே போன ஓட்டுக்கும் அந்தக் கரிக்கும் என்ன தொடர்பு, ஒரே அடுக்கா? மண்ணுக்குள் இருந்த காலத்திலோ, எடுத்துக் கழுவிப் பாதுகாத்த காலத்திலோ கார்பன் ஏதும் சேர்ந்திருக்க முடியாது என்பதை எப்படி உறுதி செய்தார்கள்? சூளையில் தானாக உருவானது என்பதற்கும், குயவர் தெரிந்து செய்தார் என்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கட்டுரை காப்பாற்றுகிறதா? கட்டுரை தேறுமா தேறாதா என்று நான் இங்கே சொல்லவரவில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்க ஓர் ஆள் குழுவில் இல்லை என்றால் மதிப்பீடு நடக்கவில்லை என்கிறேன். "சங்க காலத்திலேயே நானோ டெக்னாலஜி" என்ற வாட்ஸ்அப் செய்திகளுக்கு யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

படி 5: வெற்றியின் அளவுகோலை ஒன்றுக்கு மேல் வையுங்கள்

நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு கண்டுபிடிக்கும் கூகுளின் ஆய்வு 2016-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 1,28,175 விழித்திரைப் படங்கள். நம் அரவிந்த் கண் மருத்துவமனை உட்பட மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள்.

கணினிக்காரர் இதில் பார்ப்பது எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்பதை. கண் மருத்துவர் பார்ப்பது, அந்த டாக்டர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை. "சரியான விடை" என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள் கருத்துதானே. பொதுச் சுகாதாரக்காரர் கேட்பது மூன்றாவது: முகாமுக்கு வந்தவர் "பாதிப்பு உண்டு" என்ற சீட்டை வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாரா, பஸ் காசு இல்லாமல் வீட்டுக்குப் போனாரா?

இந்த மூன்றாவது கேள்வி வெறும் மனிதாபிமானக் கேள்வி இல்லை. அந்தத் தொழில்நுட்பத்தைத் தாய்லாந்தின் மருத்துவ மையங்களில் பயன்படுத்திப் பார்த்ததைப் பற்றி 2020-ல் வந்த ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதவில்லை என்று இயந்திரமே தள்ளிவிட்டது தெரிந்தது. அறை வெளிச்சம் ஒரு முக்கியக் காரணம். ஆய்வகத்தில் 90-க்கு மேல் எடுத்த மாணவன் வெளியே வந்து பரீட்சைத் தாளையே வாங்க முடியாமல் நின்ற நிலை. ஆகவே ப்ரபோசல் நிலையிலேயே கேளுங்கள்: எந்தத் துறையின் வெற்றியை இந்தத் திட்டம் வெற்றி என்று கொள்ளும், எப்போது அளக்கும், யார் அளப்பார்?

படி 6: ஆள், காலம், பணம்

சுருக்கமாகப் போகலாம். படி 4-ல் கேட்ட இணைப்பு அட்டவணைக்கு மூவரில் யார் பொறுப்பு? பெயர் இருக்க வேண்டும். "அனைவரும்" என்றால் ஒருவரும் இல்லை.

மூன்று ஆண்டுத் திட்டம் என்றால் மூன்று வடகிழக்குப் பருவமழை. முதல் தவணைப் பணம் தாமதமாகி டிசம்பரில் வந்தால் ஒரு மழை போயிற்று, மிச்சம் இரண்டு. அதில் ஒன்று பொய்த்தால் என்ன செய்வார்கள் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். துறைகள் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்ளவே ஆறு மாதம் பிடிக்கும், அதற்கும் கால அட்டவணையில் இடம் வேண்டும். கருவிக்குப் பல லட்சம் போட்டுவிட்டு, ஊருக்குள் கேள்வித்தாளோடு நடக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும் போட்டிருந்தால், அந்தத் திட்டத்தில் யாருக்கு மரியாதை என்பது தெரிந்துவிடும்.

யார் பெயர் முதலில் வரும் என்ற ஒப்பந்தத்தை இப்போதே கேளுங்கள். சில துறைகளில் முதல் பெயருக்கு மதிப்பு, சிலவற்றில் கடைசிப் பெயருக்கு, சிலவற்றில் அகர வரிசை. பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் என்ற வகைப்பாடு இதற்கு வசதி. பல இதழ்கள் அதைக் கேட்கவும் செய்கின்றன.

படி 7: எண்களை அதன் இடத்தில் வையுங்கள்

விண்ணப்பதாரர்களின் பழைய வேலையை மதிப்பிடும்போது எண்கள் வந்து நிற்கும். ஒவ்வொன்றும் எப்படிச் சறுக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது.

இம்பாக்ட் ஃபேக்டர் ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று சொல்லும். தனிக் கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்றுதான் 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் டோரா பிரகடனத்தை எழுதினார்கள். துறையிடை ஆட்களுக்கு இதில் இன்னொரு அடி: வழக்கத்தில் இல்லாத சேர்க்கையோடு வரும் கட்டுரைகள் குறைந்த இம்பாக்ட் ஃபேக்டர் இதழ்களில்தான் அதிகம் இடம் பிடிக்கின்றன, மேற்கோள் தாமதமாக வருகிறது, ஆனால் நீண்ட காலத்தில் உச்சத்துக்குப் போகும் வாய்ப்பும் அவற்றுக்கே கூடுதல். ஜியன் வாங்கும் சகாக்களும் 2017-ல் காட்டியது இது. இரண்டு வருடச் சாளரத்தில் பார்த்தால் அப்படிப்பட்ட ஆள் தோற்றவராகத் தெரிவார்.

இதழ்த் தரவரிசைப் பட்டியலும் அப்படித்தான். பிரிட்டனின் வணிகப் பள்ளிகள் பயன்படுத்தும் பட்டியலை 2012-ல் ரஃபோல்ஸ் குழு ஆராய்ந்தபோது, ஒரே துறைக்குள் நிற்கும் இதழ்கள் மேலேயும் துறை கலந்தவை கீழேயும் இருந்தன. நம் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி, தான் ஏற்ற இதழ்களுக்கு வைத்திருந்த யூஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பட்டியலைக் காட்டித் தப்பிக்கிற வசதி போய், நிறுவனமே படித்துத் தீர்மானிக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. எனக்கு இது நல்ல செய்தி. படிக்கிற பழக்கமில்லாத குழுக்களுக்குக் கஷ்டம்.

ஹெச்-இண்டெக்ஸை 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொண்டுவந்தார். ஒருவருக்கு அது 10 என்றால், குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் பத்து அவரிடம் உண்டு என்று பொருள். கணிதக்காரரின் எண்ணையும் மூலக்கூறு உயிரியலாளரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அது உதவாது. "துறைக்கேற்பச் சரிசெய்த மேற்கோள்" என்று ஒன்று உண்டு; ஆனால் மூன்று துறையில் நிற்கும் கட்டுரையை எந்தத் துறையோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது? ராவ்-ஸ்டர்லிங் என்ற அளவை, ஒரு கட்டுரையின் மேற்கோள்கள் எத்தனை துறையிலிருந்து, எவ்வளவு சமமாக, எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன என்று கணக்கிடும். கலவை எவ்வளவு என்று தெரியும். கலவை நல்லதா என்று தெரியாது.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றையும் பார்த்துவிடுவோம். 2018 யூஜிசி விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில், மொழி, கலை, சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஒரு கட்டுரைக்கு 10, அறிவியல் ஆசிரியருக்கு 8. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதன்மையாக எழுதியவருக்கு அதில் 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். ஆக நம் பொருளாதார ஆசிரியை தனியாக எழுதினால் 10, நீரியல்காரரை முதலில் போட்டு மூவராக எழுதினால் 3. கூட்டாக வேலை செய்யுங்கள் என்று மேடையில் சொல்லிவிட்டு, அட்டவணையில் இப்படிப் போட்டால் யார் வருவார்? விதியை உங்கள் குழு மாற்ற முடியாது. விண்ணப்பதாரரின் பட்டியலில் இரண்டாம் மூன்றாம் பெயராக வரும் கட்டுரைகளை ஒதுக்காமல், "இதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டு, பதிலை எழுதி வைக்க முடியும்.

படி 8: கரையில் ஒரு மாலை

மக்களோடு தொடர்புள்ள ஆய்வென்றால், இறுதி முடிவுக்கு முன் குழுவில் ஒருவராவது அந்த ஊருக்குப் போய்வர வேண்டும். ஜீப், மாலை, போட்டோ எல்லாம் வேண்டாம். ப்ரபோசலின் மையக் கேள்வியை நம் பேச்சில் சொல்லி, இது உங்களுக்கு உதவுமா என்று கேட்டால் போதும். "கண்மாய் பெருகினா மட்டும் பத்தாது தம்பி, கடைமடைக்குத் தண்ணி ஏறணும். எங்க மடை உடைஞ்சு கெடக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னால், அந்த ஒரு வரி ப்ரபோசலின் அளவுகோலையே கேள்வி கேட்கிறது: கண்மாயில் நிற்கும் தண்ணீரை அளப்பதா, கடைமடை வயலில் ஏறிய தண்ணீரையா? அதைக் குறிப்பில் பெரியவர் சொன்னதாகவே எழுதுங்கள், நிபுணர் கருத்து என்று மாற்றி எழுதாதீர்கள்.

ஆய்வேடு என்றால்

பிஎச்டி ஆய்வேட்டில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒரே ஸ்காலர் செய்திருப்பார். மூன்று துறையிலும் அவரிடம் முழு ஆழத்தை எதிர்பார்க்க முடியாது. 2022 யூஜிசி விதிமுறைப்படி வழிகாட்டி தவிர வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இருவர். அந்த இருவரையும் ஒரே துறையிலிருந்து போடுவதுதான் நம் ஊர் வழக்கமான தவறு. ஒருவர் வீட்டுத் துறை, ஒருவர் அடுத்த துறை என்று போடுங்கள். இணை வழிகாட்டியை முதல் வருடமே அடுத்த துறையிலிருந்து எடுத்திருந்தால் பாதி வம்பு வராது. வைவாவில் "இது எங்கள் துறை ஆய்வே அல்ல" என்ற கேள்வி வந்தால், ஸ்காலர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பதிவின்போதே தீர்த்திருக்க வேண்டிய துறை ஆய்வுக்குழு பதில் சொல்லட்டும்.

படி 9: அறிக்கை எழுதுவது

"ஆழம் போதாது", "கவனம் சிதறியுள்ளது", "மேலும் தெளிவு தேவை": இந்த மூன்றையும் தடை செய்துவிடுங்கள். விண்ணப்பதாரர் இதிலிருந்து ஒன்றும் திருத்திக்கொள்ள முடியாது. கண்மாய்த் திட்டத்துக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"நீரியல், தாவரவியல், பொருளாதாரம் மூன்றும் அடிப்படைத் தரத்தில் உள்ளன. மழைமானி கண்மாய்தோறும் வைக்கப்பட வேண்டும். மேலூர், மானாமதுரைக் கண்மாய்களின் நீராதாரம் வெவ்வேறு என்பதால் இந்த ஒப்பீடு செல்லாது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் மரம் அகற்றிய கண்மாயையும் அகற்றாத கண்மாயையும் இணை சேர்க்கவும். ஒவ்வொரு கண்மாயிலும் குடிமராமத்துப் பணி நடந்த ஆண்டைப் பட்டியலிடவும். கண்மாய், ஆண்டு, வீடு மூன்றையும் சேர்க்கும் அட்டவணையின் மாதிரியை ஒரே பக்கத்தில் தரவும். அதற்குப் பொறுப்பாளர் யார் என்று குறிக்கவும். கரி ஏல வருமானம் குடும்ப சர்வேயில் அகப்படாது. ஏலதாரர்களையும் மூட்டத் தொழிலாளர்களையும் தனியாகச் சந்திக்கும் திட்டம் தேவை. இவற்றுக்குப் பதில் கிடைத்தால் முதல் ஆண்டுக்கு நிதி வழங்கலாம். இணைப்பு அட்டவணை நிரம்பி வந்ததைப் பார்த்து மிச்ச இரண்டு ஆண்டையும் முடிவு செய்யலாம்."

இரண்டு மதிப்பீட்டாளர்கள் முரண்பட்டால் அந்த முரண்பாட்டைப் பூசி மெழுகாமல் அப்படியே விண்ணப்பதாரருக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் பதில் கேளுங்கள். பதில் எழுதும் விதத்திலேயே மூவரும் சேர்ந்து யோசிக்கிறார்களா, ஒருவர் எழுதி மற்ற இருவர் கையெழுத்துப் போட்டார்களா என்பது தெரியும். பதிலுக்கான கெடுவை ஆவணிக்குள் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மழைமானியும் நீர்மட்டக் கோலும் கண்மாயில் நட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆண்டு வீண்.